பொட்டுகூடச் சேர்க்காத அலங்காரம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, பனைமரத்தின் தலைமேல் இன்னொரு பனைமரத்தை நிறுத்தினாலும் கூரையை எட்டாது என்கிற உயரத்துக்கு ஒரு கூடம் கட்டினார். எதற்காகக் கட்டினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒரு நாள் தூங்கி எழுந்தார்; கொட்டாவி விட்டபடி அண்ணாந்து பார்த்தார்; 'கூரை தலையில் இடிக்கிறாற்போல இருக்கிறதே!' என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான். ராஜாவுக்குத் தோன்றினால் கொத்தனாருக்கு வேலை.

அவர் பெயர் கோவேந்தர். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் வந்த வேகத்தில் போய்விடும். ஆசை வந்தால் மட்டும் லேசில் போகாது. அரண்மனை ஒரு மேட்டின்மேல் இருந்தது. அந்த மேட்டின் மேற்கு ஓரத்தில், தாமும் ராணி செண்பகவல்லியும் குடியிருப்பதற்காக அந்தக் கூடத்தை எழுப்பினார். கூடம் முடிந்தது. பிரச்சினை அப்போதுதான் ஆரம்பித்தது.

மேற்குச் சுவர் மொட்டையாக நின்றது. தரையிலிருந்து கூரைவரை வெள்ளை வெளேரென்று ஒரே சுண்ணாம்பு. உள்ளே போனவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ராஜாவுக்கோ, அதன் அடியில் நின்றால் தாம் ஒரு குண்டுமணி அளவுக்குச் சுருங்கிவிட்டதுபோல இருந்தது.

அரண்மனையின் அலங்காரத் தலைவர் சபேசர் என்பவர். அவர் முதலில் ராஜாவின் முன்னோர் படங்களை வரிசையாக மாட்டினார். ராஜா வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது என்ன, பல்லியா?"

"தங்கள் பாட்டனார், மகாராஜா."

படங்கள் இறங்கின. பிறகு பட்டத்து யானையைச் சுவரில் எழுதச் சொன்னார் சபேசர். உச்சியில் எழுதிய யானை, கீழிருந்து பார்க்க எலிபோலத் தெரிந்தது. அதையும் அழித்துவிட்டுப் பெரிய பெரிய பட்டுத் திரைகளைத் தொங்கவிட்டார்கள். அவை தொங்கின மறுவாரமே புறாக்கள் மடிப்பில் குடும்பம் நடத்த வந்துவிட்டன. ராஜா உட்காரும் ஆசனத்தின்மேல் அவை என்ன செய்துவைத்தன என்பதைச் சபையில் சொல்ல முடியாது.

கடைசியில் ராணி செண்பகவல்லி கூடத்தைப் பார்க்க வந்தார். நடுவில் நின்று, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். "இருக்கிறது... இருக்கிறது... இருக்கிறது..." என்று சுவர் திருப்பிச் சொன்னது.

ராணி முகத்தைச் சுளித்தார். "நான் ஒன்று சொன்னால் மூன்று பேர் பதில் சொல்கிறார்கள். இது கூடமா, பாழுங்கிணறா? கிணற்றுக்குள் கட்டில் போட்டு என்னால் தூங்க முடியாது." இப்படிச் சொல்லிவிட்டுத் தம் பெட்டிகளைப் பழைய அரண்மனைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

ராஜாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாள் சபையில் ஒரு கட்டளை பிறந்தது: "மேற்குச் சுவர் அழகாகும்வரை, அந்தச் சுவரைத் தவிர வேறு எந்த விஷயத்தையும் எவரும் என்னிடம் பேசக்கூடாது!"

அந்தக் கட்டளையைக் கேட்டு மகிழ்ந்தவர் ஒருவர்தான். அவர் பிரதானி அனந்த ராயர். ராஜ்யத்தின் வேலைகளையெல்லாம் மேற்பார்த்தவர். அவர் மகிழ்ந்ததற்குக் காரணம் இருந்தது.

மேட்டுக்குக் கீழே, மேற்கே, பெரிய ஏரி ஒன்று உண்டு. போன மழைக்காலத்தில் அதன் கரை உடைந்து, தண்ணீர் முழுக்க வெளியே போய்விட்டது. உடைப்பை அடைப்பதற்காகக் கல்லும் சுண்ணாம்பும் வந்து இறங்கின. அதே சமயத்தில் ராஜாவுக்குக் கூடத்து ஆசை வந்தது. 'இன்னும் உயரம், இன்னும் உயரம்' என்று அவர் கேட்கக் கேட்க, ராயர் ஏரிக்கு வந்த கல்லை மேட்டுக்கு ஏற்றிவிட்டார். ஏரி என்ன ஆயிற்று என்று ராஜா கேட்டபோது, "அடைத்தாயிற்று மகாராஜா" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க வழி தெரியாமல், நாள்தோறும் அதற்குக் காவல் இருந்தார்.

ஏரியை நம்பியிருந்த ஊர் ஏரியூர். அந்த ஊர் ஜனங்கள் முறையிட அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். ராயர் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "ராஜா உத்தரவு தெரியுமல்லவா? சுவரைப் பற்றியானால் பேசுங்கள். ஏரியைப் பற்றியானால் போய்வாருங்கள்."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் விகடன் குப்பாண்டி. ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். அவன் மனைவி காத்தாயி அந்த ஏரியூரில் பிறந்தவள். ஆகவே ஊரின் பாடு அவனுக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசி மழை வருவதற்குள் கரை அடைபடாவிட்டால் இந்த வருஷமும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. ஊரே பானையைத் தூக்கிக்கொண்டு வேறு சீமைக்குப் போகவேண்டியதுதான்.

ஒரு நாள் சபையில் குப்பாண்டி எழுந்தான். "மகாராஜா, ஏரியூரில்—"

"சுவர்!" என்றார் ராஜா.

"சுவர்தான் மகாராஜா. ஏரிக்கும் ஒரு சுவர் உண்டு. அதைக் கரை என்பார்கள். அந்தச் சுவர்—"

"என் சுவர்!" என்று ஆசனத்தின் கையைத் தட்டினார் ராஜா. "இன்னொரு சுவரைப் பற்றிப் பேசினால் உன்னை அந்தச் சுவரிலேயே வைத்துப் பூசச் சொல்லிவிடுவேன்!"

குப்பாண்டி உட்கார்ந்துவிட்டான். ஆனால் ராயர் கணக்குப் போட்டார். இவன் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எப்படியாவது சொல்லிவிடுவான். அதற்குள் இவனை நாடு கடத்திவிடவேண்டும் என்று சபேசரோடு கூடிப் பேசினார். தாம் எழுதவைத்த யானையை 'எலி' என்று ராஜாவுக்கு முந்திச் சொல்லிச் சிரித்தவன் குப்பாண்டிதான் என்பதால், சபேசரும் உடனே சம்மதித்தார்.

ராயர் சபையில் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, படம் மாட்டினோம், வண்ணம் தீட்டினோம், பட்டு கட்டினோம். எதைச் சேர்த்தாலும் அந்தச் சுவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகையால் ஒரு பொட்டுகூடச் சேர்க்காமல் அடிமுதல் முடிவரை அதை அலங்கரிப்பவன் எவனோ அவன்தான் நமக்கு வேண்டும். அத்தகைய கெட்டிக்காரன் இந்தச் சபையில் குப்பாண்டி ஒருவனே."

ராஜாவின் கண் விரிந்தது. "ஆகா! ஒரு பொட்டுகூடச் சேர்க்காமல்! இது புதுமையாக இருக்கிறதே. அதோடு காலையில் பார்த்ததையே மாலையிலும் பார்த்தால் எனக்குச் சலித்துவிடும். மாறிக்கொண்டே இருக்கவேண்டும். ராணியும் பார்த்துவிட்டு, 'இங்கே குடிவருகிறேன்' என்று தன் வாயால் சொல்லவேண்டும். என்ன குப்பாண்டி?"

"முடியாவிட்டால் என்ன தண்டனை என்பதையும் தாங்களே சொல்லிவிட்டால் நலம்" என்றார் சபேசர் மெல்ல. "ராஜ காரியத்தில் விளையாடுகிறவன் நாட்டில் இருக்கலாமா?"

ராஜாவுக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. ஆனால் சபை முழுவதும் அவர் முகத்தையே பார்த்தது. "சரி. வருகிற பௌர்ணமி மாலைக்குள் முடிக்காவிட்டால், மனைவியை அழைத்துக்கொண்டு எல்லைக்கு அப்பால் போய்விடு" என்றார்.

குப்பாண்டி பணிந்து நின்றான். "உத்தரவு. சேர்க்கக்கூடாது, அவ்வளவுதானே மகாராஜா? வேறு ஏதாவது செய்யக்கூடாது என்று உண்டா?"

ராஜா ராயரைப் பார்த்தார். ராயர் சிரித்தார். "ஒன்றும் சேர்க்காமல் இருந்தால் போதுமப்பா. மற்றதெல்லாம் உன் இஷ்டம்."

சபையே அதைக் கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கும்போது குப்பாண்டியின் மனத்தில் ஒரு யோசனையும் இல்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன் காம்பைத் திருப்பிப் பார்ப்பதுபோல, பழக்கத்தில் கேட்டுவைத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனான். காத்தாயி அடுப்படியில் புகைக்கு நடுவே இருமிக்கொண்டே களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் துடுப்பை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நல்லா இருக்குய்யா நியாயம்! எங்க ஊருக்காரங்க தண்ணி இல்லாம நாட்டை விட்டுப் போகணும். நீ சுவத்தால நாட்டை விட்டுப் போகணும். எல்லாருமா ஒரே வண்டியில போயிடலாம். வாடகையாவது மிச்சம்."

"கோவிச்சுக்காதே காத்தாயி. ஏதாவது வழி கிடைக்கும். சுவத்துல என்னத்தைச் சேர்க்காம..."

"சேர்க்கிறது, சேர்க்கிறது! ஆம்பிளைங்களுக்கு எதையாவது கொண்டாந்து சேர்க்கத்தான் தெரியும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள் காத்தாயி. "இந்த அடுப்படிச் சுவத்துல ரெண்டு கல்லை எடுத்து விடுய்யா, புகையும் போகும், வெளிச்சமும் வரும்னு நான் வந்த நாளாச் சொல்றேன். அதுக்குத் துப்பு இருக்கா உனக்கு?"

குப்பாண்டி அப்படியே நின்றுவிட்டான். பிறகு புகைக்கு நடுவில் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான்.

"விடுய்யா, களி அடிப்பிடிக்குது!"

"பிடிக்கட்டும்! காத்தாயி, உங்க ஊர்ல ஒச்சப்பக் கொத்தனார் இருக்காரா, போயிட்டாரா?"

ஒச்சப்பன் இருந்தான். அந்தக் கூடத்தைக் கட்டியவர்களில் அவனும் ஒருவன். மறுநாள் காலையில் ஏரியூரிலிருந்து நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். கூடத்தின் சாவியைக் குப்பாண்டி ராஜாவிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் முழுவதும் சாரம் கட்டி, தென்னங்கீற்றால் மறைத்தார்கள்.

வேலையைச் சொன்னதும் ஒச்சப்பன் முதலில் தயங்கினான். "சாமி, நாங்களே கட்டி நாங்களே எடுக்கிறதா? ராஜா தலையை வாங்கிட்டா?"

"வாங்கினால் என் தலையைத்தான் வாங்குவார். கூரை விழாமல் எடுக்க முடியுமா, அதைச் சொல்."

"அது முடியும். இடையிடையே தூண் மாதிரி விட்டுட்டு, மேலே கல் உத்தரம் கொடுத்திருக்கிற இடமாப் பார்த்து எடுத்தா ஒண்ணும் ஆகாது."

"அப்படியானால் எடு. எடுத்த கல்லை இங்கே போடாதே. வண்டியில் ஏற்றி, அது எந்த ஊர்க் கல்லோ அந்த ஊருக்கே அனுப்பிவிடு."

ஒச்சப்பன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு வாயெல்லாம் பல்லாக உளியை எடுத்தான்.

சபேசர் ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு ராயரிடம் ஓடினார். "ராயரே, உள்ளே ஒரு பொருளும் போகவில்லை. வண்டி வண்டியாகக் கல்தான் வெளியே போகிறது. ராஜாவின் சுவரை அவன் இடிக்கிறான்!"

"மெதுவாகப் பேசும்" என்றார் ராயர், மகிழ்ச்சி தாங்காமல். "இடிக்கட்டும். நன்றாக இடிக்கட்டும். நாடு கடத்துவதோடு போகாது, இனி ராஜதுரோகம். பௌர்ணமிவரை நாம் ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை."

கல் எங்கே போகிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மகிழ்ச்சி வந்தால் மனிதனுக்குக் கேள்வி வருவதில்லை.

பௌர்ணமி அன்று மாலை ராஜாவும் ராணியும் முன்னே வர, சபையார் பின்னே வந்தார்கள். கூடம் இருட்டாக இருந்தது. மேற்குப் பக்கத்தில் கீற்று மறைப்பின் இடுக்குகளில் மட்டும் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தது. குப்பாண்டி ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். உள்ளே அவனுக்கும் பயம்தான்.

"எங்கே உன் அலங்காரம்?" என்றார் ராஜா.

குப்பாண்டி கயிற்றை இழுத்தான். கீற்றெல்லாம் சரசரவென்று வெளிப்பக்கமாகச் சரிந்தது.

மேற்கு வானம் அப்படியே கூடத்துக்குள் வந்துவிட்டது. இடுப்பளவுச் சுவர் கீழே நிற்க, அதற்கு மேல் கூரைவரை நெடிய நெடிய சாளரங்கள் திறந்து கிடந்தன. செம்பருத்தி நிறத்தில் சூரியன், அதற்குக் கீழே நீல மலை, மலையடியில் பனைகள், மேகத்துக்கு ஓரமெல்லாம் பொன் சரிகை. காற்று வந்து ராணியின் முந்தானையைத் தூக்கியது.

ராணிதான் முதலில் பேசினார். "அம்மாடி!"

அந்த 'அம்மாடி' மூன்றாகத் திரும்பி வரவில்லை. காற்றோடு போய்விட்டது. ராணி அதைக் கவனித்துச் சிரித்தார்.

"மகாராஜா!" என்று ராயர் முன்னால் பாய்ந்தார். "அலங்கரிக்கச் சொன்னால் அரண்மனைச் சுவரை இடித்துவிட்டான்! இதைவிட ராஜதுரோகம் உண்டா?"

ராஜாவின் மீசை துடித்தது. "குப்பாண்டி! என் சுவர் எங்கே?"

"மகாராஜா, தாங்களே சோதித்துப் பாருங்கள். சுவரில் ஒரு பொட்டாவது சேர்த்திருக்கிறேனா?"

"இல்லை."

"எடுக்கக்கூடாது என்று உத்தரவு உண்டா? வேறு ஏதாவது செய்யக்கூடாதா என்று நான் கேட்டேன். 'சேர்க்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் உன் இஷ்டம்' என்று பிரதானியார் இந்தச் சபை கேட்கச் சொன்னார்கள். மாறிக்கொண்டே இருக்கவேண்டும் என்றீர்கள். இதோ, நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மேகம் மாறிவிட்டது. நாளைக் காலையில் வாருங்கள், வேறு படம். மழையில் வாருங்கள், இன்னொரு படம். எந்தச் சித்திரக்காரனுக்கும் கூலி தரவேண்டாம்."

ராஜா மேகத்தைப் பார்த்தார். மெய்தான், மாறியிருந்தது. மீசைக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அது வெளியே வருவதற்குள் ராணி சாளரத்தருகே போய்க் கீழே குனிந்து பார்த்தார்.

"எல்லாம் அழகு. ஆனால் கீழே வெடித்துக் கிடக்கிறதே, அது என்ன? அதன் குறுக்கே பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார்கள்?"

ராஜாவும் வந்து பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது. "இது நம் பெரிய ஏரி அல்லவா? கரையில் அந்த வாய் இன்னும் திறந்தே கிடக்கிறதே! அடைத்தாயிற்று என்றீரே, ராயரே?"

ராயர் சபேசருக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"குப்பாண்டி, உனக்குத் தெரியுமா இது? நீயாவது சொல்."

குப்பாண்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். ராஜா மறுபடி அதட்டியதும் கையை எடுத்தான். "மகாராஜா, சுவரைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்பது தங்கள் கட்டளை. நான் மீறவில்லை. தங்கள் சுவரே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்."

ராயர் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். "உண்மை மகாராஜா! கல் போதவில்லை. தாங்கள் இன்னும் உயரம் வேண்டும் என்றீர்கள். ஏரிக் கல்லை இங்கே ஏற்றினேன். பிறகு சொல்லப் பயந்தேன்."

ராஜா மறுபடியும் ஏரியைப் பார்த்தார். கோபம் வந்தது, ஆனால் யார்மேல் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "எழுந்திரும்" என்றார் கடைசியில். "பொய் சொன்னது உம் தப்பு. கல் கேட்டதும், வேறு எதையும் என் காதில் போடாதே என்றதும் என் தப்பு. இந்த நிமிஷத்தோடு அந்தக் கட்டளை ஒழிந்தது. குப்பாண்டி, இங்கே எடுத்த கல் எங்கே?"

"கரையோரம் குவித்திருக்கிறது மகாராஜா. அந்தப் பனைக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான்."

"பாதி வேலையை முடித்துவிட்டு நிற்கிறாயா, படவா!" என்றார் ராஜா. பிறகு ராயர் பக்கம் திரும்பினார். "ராயரே, நாளைக் காலைமுதல் நீர் கரையில் நிற்கவேண்டும். சபேசரையும் கூட்டிக்கொண்டு போம். கரை முடியும்வரை நான் இந்தச் சாளரத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்தச் சித்திரத்தில் உங்கள் இருவரையும் நான் தினமும் பார்க்கவேண்டும், கையில் மண்கூடையோடு."

ராணி சாளரத்தை விட்டு நகரவே இல்லை. "என் பெட்டிகளை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். "எனக்கும் அதைப் பார்க்கவேண்டும்."

மறுநாள் தொடங்கி ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். ஏரியூர் ஜனங்கள் மண் வெட்ட, ஒச்சப்பன் கல் அடுக்க, வேலை நடந்தது. ராயர் முதல் நாள் இரண்டு கூடை சுமந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கிழவர் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்து, "முதுகை வளைக்காதீங்க ஐயா, முழங்காலை வளைச்சுத் தூக்குங்க" என்றார். நாளாக நாளாக ராயருக்குக் கூடை பழகியது. கல் சரியாக உட்காரவில்லை என்று கொத்தனாரோடு சண்டை போடுகிற அளவுக்கு அவர் அந்தக் கரையில் ஒட்டிக்கொண்டார். சபேசர் மட்டும் வேட்டியில் மண் படாமல் நடக்கப் பார்த்துக் கடைசிவரை தோற்றுக்கொண்டிருந்தார்.

கரை முடிந்தது. ஐப்பசி பிறந்தது. மழை வந்தது. லேசான மழையல்ல, மலையை மறைத்துக்கொண்டு கொட்டுகிற மழை. ராஜாவும் ராணியும் சாளரத்தில் நின்று, ஏரி விரலளவு, சாண் அளவு என்று ஏறுவதைப் பார்த்தார்கள். குப்பாண்டியும் பக்கத்தில் நின்றான். கரை தாங்குமா என்று மூன்று பேருக்கும் உள்ளூரக் கவலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டது. ஏரி கடல்போல விளிம்புவரை நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வெள்ளி வெள்ளியாகக் குதித்து வழிந்தது. கரை அசையவில்லை. கரைமேல் ஒரு கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது. நடுவில் தலைப்பாகையைக் கழற்றிச் சுழற்றியபடி ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார்.

"நிறைஞ்சிடுச்சு! நிறைஞ்சிடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சல் மேட்டின்மேல் கூடம்வரை கேட்டது.

ராஜா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது யாரப்பா, பைத்தியம்போல ஆடுவது?"

"நம் பிரதானியார், மகாராஜா."

ராஜா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்த அரண்மனை கேட்டதில்லை. சிரித்துச் சிரித்துச் சாளரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். "குப்பாண்டி! பாட்டனார் படத்தை மாட்டியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. யானையை எழுதியபோது வரவில்லை. இதோ, ஆடுகிற பிரதானியையே எனக்குப் படமாகக் காட்டிவிட்டாயே!" என்று சொல்லித் தம் தோளில் இருந்த சரிகைச் சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினார். ஏரிப் பாசனத்தில் காத்தாயியின் பேருக்கு ஒரு நல்ல வயலையும் எழுதிவைத்தார்.

குப்பாண்டி சால்வையோடு மேட்டிலிருந்து இறங்கி ஓடினான். காத்தாயி ஏற்கெனவே கரையில்தான் இருந்தாள். வயல் கிடைத்த செய்தியை அவன் சொல்லி முடிப்பதற்குள், அவள் அவனையும் சால்வையையும் சேர்த்துக் கலிங்குத் தண்ணீரில் இழுத்துவிட்டாள்.

அந்த ஏரி வற்றவில்லை. அந்த ஊரும் கலையவில்லை. கதை சொன்ன என் தொண்டை மட்டும் காய்ந்துவிட்டது. யாராவது ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்கள்.